ரத்தம் எடுக்கிறார்கள் என்றாலே மயங்கி விழுகிறேன், சர்க்கரை இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

3 ஜூன் 2024, இரவு 10:40

எனக்கு வயது 41. பவானியில் ஒரு ஜமக்காளக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அப்பாவுக்கு இருபத்திரண்டு வருடமாகச் சர்க்கரை. இரண்டு கண்ணிலும் லேசர் வைத்தாயிற்று, வலது காலில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். எனக்கும் பார்த்துவிடச் சொல்லி மனைவி மூன்று வருடமாகக் கெஞ்சுகிறாள். நான் பார்க்கவில்லை. ரத்தம் எடுக்கவேண்டும் என்ற பேச்சு வந்தாலே எனக்குக் கை சில்லிட்டு, காது அடைத்து, கண் இருட்டிக்கொண்டு வரும். 2006-ல் ஒருமுறை எடுத்தார்கள், விழுந்தேன். அதோடு சரி.

ரத்தம் எடுக்காமல் சர்க்கரை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? இல்லையென்றால், என்னைப் போல் மயங்கி விழுகிறவர்கள் யாராவது இதைத் தாண்டி வந்திருக்கிறீர்களா? என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். "எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று மட்டும் தயவுசெய்து எழுதவேண்டாம். வலிக்கு நான் பயப்படவில்லை. தறியில் விரல் மாட்டி நகம் போயிருக்கிறது, அப்போதுகூட நான் மயங்கவில்லை.

4 ஜூன் 2024, மதியம் 1:15

கடையில் எல்லோரும் தேர்தல் முடிவு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் கல்லாவில் உட்கார்ந்து உங்கள் பதில்களைப் படித்தேன். இத்தனை பேருக்கு இது இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊசி போடுவதை டிவியில் காட்டினாலே எழுந்து போய்விடுவேன் என்று எழுதியிருக்கும் திண்டுக்கல் அக்காவுக்கு நன்றி. அப்பாவுக்கு வீட்டில் சுகர் மிஷினில் பார்க்கும்போது நானும் வாசலுக்குப் போய்விடுவேன். அம்மா இருந்தவரை அம்மா பார்த்தார், இப்போது என் மனைவி பார்க்கிறாள். பெற்ற மகன் வாசலில் நிற்கிறேன்.

6 ஜூன் 2024, இரவு 9:05

மூத்திரத்தில் பார்த்தால் போதுமே என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. தாத்தா காலத்தில் எங்கள் வீட்டிலேயே அது நடந்திருக்கிறது. சோதனைக் குழாயில் நீல நிறப் பெனடிக்ட் கரைசல் ஐந்து மில்லி ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார். நீலம் மாறாமல் இருந்தால் நிம்மதி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போய், கடைசியில் செங்கல் நிறம் வந்துவிட்டால் அன்று வீட்டில் யாரும் பேசமாட்டார்கள்.

அப்புறம் படித்துப் பார்த்ததில் அந்த ஆசை போய்விட்டது. ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும். சர்க்கரை நோய் என்று சொல்ல வெறும் வயிற்றில் 126 இருந்தாலே போதும். அதாவது 150 இருக்கிற ஒருவருக்குக் குழாயில் நீலமே தெரியும், அவரும் நிம்மதியாகத் தூங்குவார். தாத்தா அப்படித்தான் எத்தனை வருடம் தூங்கினாரோ.

மூத்திரம் வேண்டாம். அந்த வழியை அடைத்துவிட்டேன்.

9 ஜூன் 2024, காலை 11:20

ஞாயிற்றுக்கிழமை. மனைவியின் தையல் டேப்பை எடுத்து இடுப்பை அளந்தேன். சென்னையில் மருத்துவர் வி. மோகனின் குழு 2005-ல் வெளியிட்ட ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது, இந்தியர்களுக்கென்றே போட்டது. நான்கே கேள்விகள், ரத்தம் வேண்டாம். வயது 35-க்குக் கீழ் என்றால் 0, 49 வரை 20, அதற்கு மேல் 30. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள் 0, 99 வரை 10, 100 தொட்டால் 20. (பெண்களுக்கு இந்த எல்லைகள் 80, 90.) உடற்பயிற்சியும் இல்லை, உட்கார்ந்த வேலை என்றால் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20.

எனக்கு வயது 20, இடுப்பு 97 அதனால் 10, உட்கார்ந்த வேலை 30, அப்பா 10. மொத்தம் 70. அறுபதும் அதற்கு மேலும் வந்தால் அபாயம் அதிகம், ரத்தம் பார்த்தே ஆகவேண்டும் என்று கணக்கு.

ரத்தம் எடுக்காத வழி தேடிப் போனேன். அது ரத்தம் எடு என்று சொல்லி அனுப்புகிறது.

9 ஜூன் 2024, இரவு 8:50

திருத்தம். பேண்ட் பெல்ட் போடுகிற இடத்தில் அளந்தால் தப்பு என்று சேலம் நண்பர் சொன்னார், அது தொப்பைக்குக் கீழே போய்விடுகிறதாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்கவேண்டும். அளந்தேன். 101. மொத்தம் 80.

15 ஜூன் 2024, மாலை 4:30

இன்று போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

நேற்று இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்டது. வெறும் வயிறு என்றால் தண்ணீரும் கூடாது என்று நினைத்துக்கொண்டு, காலை எட்டு மணி வரை வாயே நனைக்கவில்லை. லேபில் பதினோரு பேர் வரிசை. நாற்காலிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு திரைகூடக் கிடையாது. முன்னால் இருந்த பெரியவருக்கு ரப்பர் பட்டை கட்டினார்கள், பஞ்சு, ஸ்பிரிட் வாசனை. அந்த வாசனையிலேயே எனக்கு வியர்த்துவிட்டது. "நரம்பு கிடைக்கலை, அந்தக் கையைக் குடுங்க" என்று சொன்னது காதில் விழுந்ததும் எழுந்து வெளியே வந்து, பக்கத்துப் பேக்கரிப் படியில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டேன். மனைவி தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். திட்டவில்லை. வண்டியில் வரும்போது, "ஏனுங்க, பாப்பாவுக்கு இப்பதான் பதினாலு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

16 ஜூன் 2024, இரவு 11:30

தூக்கம் வரவில்லை. 2006-ல் நடந்ததை இதுவரை யாருக்கும் முழுசாகச் சொன்னதில்லை.

திருப்பூரில் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேரும்போது உடல் பரிசோதனை. எட்டுப் பையன்கள் ஒன்றாக நின்றோம். எனக்கு ரத்தம் எடுத்து முடித்துப் பஞ்சு வைத்தார்கள், எழுந்து நாலு அடி நடந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது தரை. மேசை விளிம்பில் தாடை பட்டு இரண்டு தையல். கண் திறந்தபோது சுற்றி நின்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "என்னடா, ஆம்பளதானா நீ" என்று ஒருவன் கேட்டான். ஆறு மாதம் அங்கே வேலை பார்த்தேன், ஆறு மாதமும் அதே பேச்சு.

இப்போது யோசித்துப் பார்த்தால், நான் ஓடுவது ஊசியைக் கண்டு இல்லை போலிருக்கிறது. மறுபடி விழுவேன், சுற்றி நின்று பார்ப்பார்கள் என்பதற்குத்தான் ஓடுகிறேன். 2017-ல் ஊரெல்லாம் டெங்கு. எனக்கு ஐந்து நாள் காய்ச்சல், ரத்தம் பார்க்கமாட்டேன் என்று அடம்பிடித்து வீட்டிலேயே கிடந்தேன். பிழைத்தது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. அன்று மனைவி எப்படி இருந்திருப்பாள் என்று இன்று இரவுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

19 ஜூன் 2024, இரவு 10:10

மயக்கம் பற்றி நர்ஸ் அக்கா ஒருவர் கொடுத்த விளக்கத்தை எல்லோரும் படியுங்கள். என் வார்த்தையில் மறுபடி எழுதுகிறேன், ஏனென்றால் பதினெட்டு வருடம் நான் சுமந்த வெட்கம் இதைப் படித்ததும் பாதி இறங்கியது.

நாய்க்குப் பயப்படுகிறவர், உயரத்துக்குப் பயப்படுகிறவர் நாயையோ பள்ளத்தையோ பார்த்து மயங்கி விழுவது அபூர்வம். அவருக்கு இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும், ஏறினால் மயக்கம் வராது. ரத்தம், ஊசி, காயம் இவற்றைக் கண்டு பயப்படுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உடம்பு வேறு மாதிரி வேலை செய்கிறது. முதலில் படபடப்பு ஏறும். பிறகு திடீரென்று வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் குறைக்கும், ரத்தக் குழாய்கள் விரிந்துகொள்ளும், அழுத்தம் சரசரவென்று இறங்கும். மூளைக்கு ரத்தம் போதாமல் ஆள் விழுகிறார். படுத்துவிட்டால் ரத்தம் தலைக்குத் திரும்பி, ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். இது பரம்பரையாகவும் ஓடுகிறது. நூறு பேரில் மூன்று நான்கு பேருக்கு இந்தப் பயம் உண்டு. தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இங்கே பலர் "மூச்சை ஆழமாக இழுத்துவிட்டு உடம்பைத் தளர்த்துங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் மயங்குகிறவர்களுக்கு அது எதிர்மாறாக வேலை செய்யக்கூடும், ஏற்கெனவே இறங்குகிற அழுத்தம் இன்னும் இறங்கும். எங்களுக்குத் தேவை இறுக்குவது.

ஸ்வீடனில் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் என்ற உளவியலாளர் 1980-களில் இதற்காகவே ஒரு பயிற்சியைச் சோதித்து எழுதியிருக்கிறார். உட்கார்ந்தபடி கை, தொடை, கெண்டைக்கால், வயிறு எல்லாவற்றையும் ஒன்றாக இறுக்கவேண்டும். பத்துப் பதினைந்து நொடியில் முகத்தில் சூடு ஏறுவது தெரியும். விட்டுவிட்டு இருபது முப்பது நொடி சாதாரணமாக இருக்கவேண்டும், துவண்டு போய்விடக் கூடாது. மறுபடி இறுக்கவேண்டும். ஒரு வேளைக்கு ஐந்து தடவை, ஒரு நாளைக்கு ஐந்து வேளை. ரத்தக் கொதிப்போ இதய நோயோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யவேண்டாம்.

20 ஜூன் 2024, காலை 6:45

செய்து பார்த்தேன், தலை வலிக்கிறது.

20 ஜூன் 2024, இரவு 9:30

தலை வலித்ததற்குக் காரணம் கிடைத்தது. இறுக்கும்போது மூச்சையும் பிடித்து வைத்துக்கொண்டேன். மூச்சு ஓடிக்கொண்டே இருக்கவேண்டுமாம். முகத்தையும் கழுத்தையும் இறுக்கவேண்டிய தேவை இல்லை.

27 ஜூன் 2024, இரவு 10:00

ஒரு வாரம் ஆயிற்று. கல்லாவில் உட்கார்ந்தபடியே செய்கிறேன், யாருக்கும் தெரிவதில்லை. நாலாம் நாளிலிருந்து முகத்தில் சூடு சீக்கிரம் ஏறுகிறது.

பயத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவருகிறேன். முதல் இரண்டு நாள் போனில் ஊசியின் படம். பிறகு வீடியோ, சத்தம் இல்லாமல். பிறகு சத்தத்தோடு. மருந்துக்கடையில் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி வந்து என் முழங்கை மடிப்பில் நானே தேய்த்துக்கொண்டேன். அந்த வாசனைக்குத்தான் அதிக நாள் பிடித்தது. நேற்று மனைவி என் கையில் ரப்பர் பட்டைக்குப் பதிலாகத் தன் பழைய துப்பட்டாவைக் கட்டிவிட்டாள். கண் இருட்டத் தொடங்கியது, இறுக்கினேன், நின்றது. வரும் மயக்கத்தை நானே நிறுத்தியது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் அழுதுவிட்டோம்.

தனக்கு மயக்கம் வருவதில்லை, ஆனால் நெஞ்சு படபடத்து ஓடிவிடுகிறேன் என்று எழுதிய தம்பிக்கு: உனக்கு இறுக்கும் பயிற்சி தேவைப்படாது என்று நினைக்கிறேன். மெதுவான மூச்சும், இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே போவதும் போதும். தனியாக முடியவில்லை என்றால் 14416-க்கு அழை, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது. இதற்கெல்லாமா மனநல உதவி என்று தயங்காதே. நான் பதினெட்டு வருடம் தயங்கினேன்.

5 ஜூலை 2024, மதியம் 2:20

அப்பாவுக்கு மாத்திரை கொடுக்க மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துத் தன்னார்வலர் மாதாமாதம் வருவார். (2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். எங்கள் வீதியில் அதற்கு முன் அப்பா மாதிரி நடக்க முடியாதவர்கள் மாத்திரை தீர்ந்தால் தீர்ந்ததுதான்.) வழக்கமாக அவர் வந்தால் நான் கடைக்குக் கிளம்பிவிடுவேன். இன்று போகவில்லை. "எனக்கும் பார்த்துடுங்கம்மா, ஆனா எனக்கு மயக்கம் வரும், படுத்துக்கறேன்" என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்லத்தான் உண்மையில் கஷ்டமாக இருந்தது.

"அதுக்கென்னங்கண்ணா, படுங்க" என்றார். இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

பாயில் படுத்தேன். இரண்டு காலையும் இறுக்கிக்கொண்டேன். விரலின் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினார், அங்கே உணர்வு குறைவு. ஒரு டிக் சத்தம். 187. சாப்பிட்டு இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. "140-க்கு மேல இருக்குதுங்கண்ணா, ஆஸ்பத்திரில கையில ரத்தம் எடுத்துப் பார்த்துடுங்க" என்றார்.

மயக்கம் வரவில்லை. வந்தது வேறு ஒன்று, அதற்குப் பெயர் தெரியவில்லை. அப்பா கட்டிலில் இருந்து, "எவ்வளவு கண்ணு?" என்று கேட்டார். சொன்னேன். அவர் மறுபக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

6 ஜூலை 2024, இரவு 9:40

"187தானே, மாம்பழம் சாப்பிட்டிருப்பீர்கள், விடுங்கள்" என்று ஆறுதல் சொன்னவர்களுக்கு: மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் மிஷின் அதிகமாகக் காட்டும், அது உண்மை. நான் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தேன். விடவும் மாட்டேன். 2023-ல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை என்கிறது, இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் சர்க்கரையின் வாசலில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். அதில் நானும் ஒருவனாக இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் விரலில் பார்த்தது மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்ட முடியாது. கையில் எடுக்கும் ரத்தத்தில்தான் உறுதி செய்யவேண்டும். புஜத்தில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அது ஏற்கெனவே நோய் உள்ளவர்கள் ஏற்ற இறக்கம் பார்க்க. நோய் இருக்கிறதா என்று முதன்முதலில் கண்டுபிடிக்க அதை வைத்துக்கொள்வதில்லை. அதையும் ஒட்டும்போது ஒரு குத்து உண்டு.

எந்தப் பரிசோதனை என்பதில் எனக்கு ஒரு யோசனை கிடைத்தது. வழக்கமாக வெறும் வயிற்றில் ஒரு குத்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு குத்து. அந்த இரண்டு மணி நேரத்தில் நான் ஓடிவிடுவேன். மூன்று மாதச் சராசரி என்று சொல்கிற எச்பிஏ1சி-க்கு வெறும் வயிறும் வேண்டாம், நேரமும் கணக்கில்லை. 6.5-ம் அதற்கு மேலும் நோய், 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை. அதோடு வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் ஒரே குத்தில் எடுத்துவிடலாம். இரண்டும் எல்லையைத் தாண்டியிருந்தால் அதுவே உறுதி. இன்னொரு நாள் போகவேண்டியதில்லை.

ரத்தசோகை, தலசீமியா உள்ளவர்களுக்கும் சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் எச்பிஏ1சி தப்பாகக் காட்டக்கூடும். சிவப்பணு உயிரோடு இருக்கிற 120 நாள் கணக்கை வைத்துத்தான் அது ஓடுகிறது. அப்படிப்பட்டவர்கள் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

13 ஜூலை 2024, மதியம் 12:10

எடுத்துவிட்டேன்.

13 ஜூலை 2024, இரவு 9:00

விவரமாக எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

போன தடவை போன இடத்துக்குப் போகவில்லை. முந்தின நாளே வேறு ஒரு சின்ன லேபுக்குப் போன் செய்து, எனக்கு மயக்கம் வரும், படுக்க இடம் உண்டா, கூட்டம் இல்லாத நேரம் எது என்று கேட்டேன். ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள். காலையில் எழுந்ததும் அரை லிட்டர் தண்ணீர் குடித்தேன். வெறும் வயிறு என்றால் வெறும் தண்ணீர் குடிக்கலாம், காபி டீதான் கூடாது. ரத்ததானம் செய்கிறவர்களுக்கே முன்னால் தண்ணீர் கொடுத்தால் மயக்கம் குறைகிறதாம். ஜூன் மாதம் பதின்மூன்று மணி நேரம் நாக்கு வறண்டு போய் நின்றேனே, அது நானே எனக்குச் செய்துகொண்ட கெடுதல்.

ரத்தம் எடுக்க வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "சார், ஊசியைப் பார்க்கணுமா வேண்டாமா? நான் சொல்லிட்டுக் குத்தட்டுமா, சொல்லாமக் குத்தட்டுமா?" என்று கேட்டது. இப்படி என்னை இதுவரை யாரும் கேட்டதில்லை. பார்க்கவேண்டாம், ஆனால் சொல்லிவிட்டுக் குத்தும்மா என்றேன். குழந்தைகளுக்குப் போடுகிற, இரண்டு பக்கமும் இறக்கை வைத்த மெல்லிய ஊசியை எடுத்தது. கட்டிலில் படுத்தேன். ஊசி போடும் கை தளர்வாக இருக்கவேண்டும் என்பதால் இடது கையை விட்டுவிட்டு, வலது கையும் இரண்டு காலும் வயிறும் மட்டும் இறுக்கினேன். (ஜூன் 19-ஆம் தேதிக் குறிப்பில் எல்லாத் தசையையும் இறுக்கச் சொன்னேன். பயிற்சிக்கு அது சரி. ரத்தம் எடுக்கும்போது அந்தக் கையை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் ரத்தக் குழாய் கிடைக்காது.)

ஒருமுறை காது அடைத்தது. இறுக்கினேன். திறந்தது.

சாம்பல் மூடிக் குழாய் ஒன்று, ஊதா மூடிக் குழாய் ஒன்று. இரண்டும் சேர்த்தால் ஒரு டீஸ்பூன் இருக்கும். உடம்பில் ஐந்து லிட்டர் ஓடுகிறது. முடிந்ததும் பத்து நிமிடம் படுத்தே இருந்தேன். 2006-ல் நான் விழுந்தது ரத்தம் எடுக்கும்போது இல்லை, முடிந்து எழுந்து நடந்தபோது. இதை மறக்காதீர்கள், உடனே எழாதீர்கள்.

மனைவி வெளியே நின்றிருந்தாள். கட்டைவிரலைக் காட்டினேன்.

14 ஜூலை 2024, இரவு 8:15

வெறும் வயிற்றில் 134. எச்பிஏ1சி 7.1. சர்க்கரைதான்.

இன்று வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

17 ஜூலை 2024, இரவு 10:30

மருத்துவர் மெட்பார்மின் 500 இரண்டு வேளை கொடுத்திருக்கிறார், தினம் நாற்பது நிமிடம் நடக்கச் சொன்னார். கண்ணுக்கு மருந்து விட்டு உள்ளே பார்த்தார்கள், விழித்திரை சுத்தமாக இருக்கிறது. பாதத்தில் உணர்வும் இருக்கிறது. மூன்று வருடம் முன்பே வந்திருந்தால் மாத்திரை இல்லாமலே போயிருக்குமா என்று கேட்டேன். "இருக்கலாம், இப்ப அதைப் பேசி என்ன" என்றார். எனக்கு அது தேவைதான். மனைவி கேட்ட மூன்று வருடம் அது.

இரவில் இரண்டு தடவை எழுந்து போவதை, சாயந்தரம் தண்ணீர் அதிகம் குடிக்கிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

3 ஆகஸ்ட் 2024, மாலை 5:00

ஆடிப் பதினெட்டு. கூடுதுறையில் காலையிலிருந்து கூட்டம். வீட்டில் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு என்று கலந்த சோறே நான்கு வகை. அப்பாவும் நானும் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு, கொண்டைக்கடலையை அள்ளி வைத்துக்கொண்டோம். அப்பாவோடு ஒரே மாதிரித் தட்டில் சாப்பிட்டது நன்றாக இருந்தது.

22 ஆகஸ்ட் 2024, இரவு 9:20

ஐந்து மாதக் கர்ப்பம், சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து மூன்று நான்கு தடவை குத்துவார்கள் என்று பயந்து இரண்டு வாரமாக மருத்துவமனைக்கே போகவில்லை என்று எழுதிய தங்கைக்கு. நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் அப்படி இல்லை அம்மா. சென்னை மருத்துவர் வீ. சேஷையா பிரபலப்படுத்திய முறையில் பார்க்கிறார்கள். சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள், இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு குத்து. 140 வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதையும் விரலில்தான் எடுக்கிறார்கள். முதல் வருகையில் ஒருமுறை, 24 முதல் 28 வாரத்துக்குள் ஒருமுறை. உனக்கு இப்போது அந்த நேரம் நெருங்குகிறது. நாளைக்கே போ. பயமாக இருக்கிறது என்று உள்ளே நுழைந்ததுமே சொல்லிவிடு. குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் அதையும் சொல், மறுநாள் திரும்ப எடுப்பார்கள்.

மரத்துப்போகும் களிம்பு பற்றியும் கேட்டிருந்தாய். லிடோகெய்னும் ப்ரைலோகெய்னும் கலந்தது மருந்துக்கடையில் கிடைக்கும். ஒரு மணி நேரம் முன்னால் தடவி மேலே பிளாஸ்டிக் ஒட்டவேண்டும். குத்து தெரியாது. கர்ப்பமாக இருப்பதால் மருத்துவரைக் கேட்காமல் தடவாதே. வலிக்குப் பயப்படுகிறவர்களுக்கு அது நல்ல உதவி, என்னைப் போன்றவர்களுக்கு மயக்கத்தை அது தடுக்காது.

24 ஆகஸ்ட் 2024, காலை 7:10

தங்கை எடுத்துவிட்டாளாம். 118. இந்தப் பக்கத்தில் இதுவரை வந்த செய்திகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

19 அக்டோபர் 2024, இரவு 8:40

மூன்று மாதம் முடிந்து மறுபடி எடுத்தேன். அதே லேப், அதே பெண். எச்பிஏ1சி 6.4. நான்கு கிலோ குறைந்திருக்கிறேன், இடுப்பு 96. இந்தத் தடவை காது அடைக்கவே இல்லை என்றுதான் எழுத நினைத்தேன், ஆனால் அது பொய். அடைத்தது. முன்பைவிட லேசாக, முன்பைவிடத் தாமதமாக. பயம் போய்விட்டதா என்று கேட்கிறவர்களுக்கு: போகவில்லை. பயிற்சியை ஆகஸ்டோடு விட்டிருந்தேன், அதுவும் காரணம். எடுக்கவேண்டிய தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே திரும்பத் தொடங்கிவிடுங்கள்.

10 நவம்பர் 2024, காலை 9:30

மனைவி நேற்று அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். காலையில் அப்பாவுக்குச் சர்க்கரை பார்க்க ஆள் இல்லை. அவருக்கு ஸ்ட்ரிப்பில் ரத்தம் தொட்டதா இல்லையா என்று கண் தெரியாது.

மிஷினை எடுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே உட்கார்ந்தேன், விழுந்தாலும் தூரம் இல்லாமல் இருக்கட்டும் என்று. கெண்டைக்காலை இறுக்கிக்கொண்டு அவர் விரலைப் பிடித்தேன். அந்த விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருக்கிறது, இருபத்திரண்டு வருடக் குத்து. நான் அதைத் தொட்டுப் பார்த்ததே இல்லை. "ஓரத்துல குத்து கண்ணு, நடுவுல வேண்டாம்" என்றார். குத்தினேன். ரத்தம் வரவில்லை. "இன்னொருக்கா அழுத்து" என்றார். வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். 162. நோட்டில் எழுதினேன், என் மனைவியின் கையெழுத்துக்குக் கீழே.

10 நவம்பர் 2024, காலை 11:50

162 வெறும் வயிற்றிலா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை, டிபன் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தது. காலை என்று மட்டும் எழுதிவிட்டேன்.